ஆவுடை கழுவின தண்ணீர்

கரைச்சாமியிடம் வருகிறவர்கள் பிறவி, கர்மம், மனசு என்று பெரிய பெரிய சமாச்சாரமாகத்தான் கேட்பார்கள். பேச்சிமுத்து ஒருவர்தான் ஒழுகலைப் பற்றிக் கேட்டார்.

"டேங்க் மறுபடியும் ஒழுகுது சாமி. எப்படி நிறுத்துறதுன்னே தெரியல."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாமி சிரிக்கவில்லை.

"எந்த டேங்க் அண்ணாச்சி?"

"நம்ம வண்டிவீட்டுக் கழிவுத்தண்ணி டேங்க். போன தடவை வந்தப்பவும் இதையேதான் சொன்னேன்."

குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடருக்கோ பேரன் பேத்தி எடுத்த வயது. அதனால்தான் அந்த அண்ணாச்சி. தாமிரபரணிக் கரையில் ஓலை வேய்ந்த மடம், பின்னால் கொஞ்சம் வாழை. சாமிக்கு இருந்தது அவ்வளவுதான்.

பேச்சிமுத்து எண்ணெய்க்கடை வைத்திருந்தவர். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற மாதிரி ஒரு வண்டிவீடு கட்டினார். உள்ளே கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு சிங்க். கழுவின தண்ணீர் அடியில் தொங்கும் டேங்க்கில் போய்ச் சேரும். அவரும் மனைவி ஆவுடையும் அதில் சுற்றாத ஊர் கிடையாது. பிள்ளைகளை வளர்த்த காலத்தில் பேசாத பேச்சையெல்லாம் அந்த வண்டிக்குள்தான் பேசித் தீர்த்தார்கள்.

ஆவுடைக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த ஊரை விட்டுக் கிளம்பினாலும் டேங்க்கின் அடிக்குழாயைத் திறந்து, தண்ணீரை அங்கேயே ஏதாவது ஒரு மரத்தடியில் விட்டுவிடுவாள். பக்கத்திலேயே குத்தவைத்துக்கொண்டு, "இது நேத்து வச்ச ரசம், இது உங்க மீசையில ஒட்டுன மோர்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்புவாள். பேச்சிமுத்து ஜீப்பில் உட்கார்ந்து ஹார்ன் அடிப்பார். "இருங்க, இந்த ஊர்ல தின்னது இந்த ஊருக்கே போகட்டும். அப்படி என்ன தலை போற அவசரம்?" என்பாள். அந்த ஏச்சை இன்னொரு தடவை வாங்கலாம் என்றால் மனுஷர் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார். யாரிடம் எழுதிக் கொடுப்பது? அவள்தான் போய்விட்டாளே.

சாமி எழுந்து வண்டியைப் பார்க்க வந்தார். டேங்க்குக்குக் கீழே ஒரு எவர்சில்வர் சட்டி இருந்தது. அதில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. புளித்த நாற்றம் அடித்தது. குழாய் சேரும் இடத்தில் பசைமேல் பசையாக அப்பி, குளவிக்கூடு மாதிரி வீங்கிக் கிடந்தது.

பேச்சிமுத்து குனிந்து சட்டியை எடுத்தார். சிந்தாமல் இரண்டு கையிலும் ஏந்தி, படியேறி உள்ளே போய், சிங்க்கில் ஊற்றினார். தண்ணீர் கடகடவென்று டேங்க்குக்கே இறங்கியது. வெளியே வந்து சட்டியைப் பழைய இடத்தில் வைத்தார்.

சாமி சட்டியை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"கடைசியா அவ பாத்திரம் கழுவின தண்ணி."

"ம்."

"அவளுக்கப்புறம் அந்த சிங்க்குல நான் ஒரு ஸ்பூன்கூடக் கழுவல சாமி. எல்லாம் வெளியில வாளியிலதான். இதுல வேற தண்ணி கலந்துடக் கூடாதுல்ல. ஆனா ஒழுகுதே. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறையுது. இது தீந்துபோச்சுன்னா வண்டியில அவ இருந்ததுக்கு ஒண்ணுமே மிஞ்சாது."

"பசை வைக்கும்போது காலி பண்ணிட்டுத்தான வைப்பீங்க?"

"எப்படிச் சாமி காலி பண்ணுறது?"

"ஈரத்துல பசை பிடிக்குமா?"

"பிடிக்காது."

"தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

தெரிந்துதான் வைத்தார். வேறென்ன செய்வார், பாவம்.

சாமி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பேச்சிமுத்துவும் உட்கார்ந்தார்.

"எல்லா ஊர்லயும் தண்ணிய விட்டுட்டு வர்றவங்க. இத மட்டும் எப்படி விட மறந்தாங்க?"

"மறக்கல. திடீர்னு நெஞ்சு வலிக்குதுன்னா. அந்த அவசரத்துல குழாயத் திறக்க விடாம நான்தான் வண்டிய எடுத்தேன்."

"எந்த ஊர்ல?"

பேச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "இங்கதான் சாமி. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்னைக்குப் பூசணிக்காய்ப் புளிக்குழம்பு. எனக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தாங்க. கிண்ணத்தக் கழுவித் தர்றேன்னு சொன்னேன், விடல. பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"அவ அப்படித்தான். அடுத்தவங்களக் கழுவ விடமாட்டா."

"அப்ப என் கிண்ணம் கழுவின தண்ணியும் இதுல இருக்கு."

"இருக்கும்."

"எங்க விடுவாங்க?"

பேச்சிமுத்து கையைத் தூக்கிப் பின்பக்கம் காட்டினார். வாழை நின்ற பக்கம். காட்டிய கை இறங்கவில்லை. அவள் அங்கே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்தவைத்திருப்பது அவர் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது.

"அவங்க வேலை ஒண்ணு பாக்கி கிடக்கு போல," என்றார் சாமி.

"ஆவுடை எந்த வேலையையும் பாக்கி வைக்கிறவ இல்ல சாமி."

சொல்லிவிட்டு அவரே எழுந்தார். வண்டியை வாழைப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார். குழாய் துருவேறி இறுகியிருந்தது. துணியைச் சுற்றித் திருகினார். தண்ணீர் கறுப்பாக வந்தது, பிறகு கலங்கலாக வந்தது. பேச்சிமுத்து பக்கத்தில் குத்தவைத்தார்.

"இது பூசணிக்காக் குழம்பு," என்றார். "இது சாமியோட கிண்ணம். இது..."

அதற்குமேல் முடியவில்லை. வாய்விட்டு அழுதார். சாமி தடுக்கவில்லை. தண்ணீர் நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.

டேங்க்கைக் கழுவிக் காயவிட்டார்கள். நன்றாக வெயில் குடித்த பிறகு பழைய பசையையெல்லாம் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒரு பூச்சு பூசினார் பேச்சிமுத்து. அது கல் மாதிரி இறுகிய மறுநாள் காலையில் சுக்குக் காபி போட்டார். மடத்து வாசலில் உட்கார்ந்து இருவரும் குடித்தார்கள்.

"இனிமே ஒழுகாதுல்ல சாமி?"

சாமி கடைசி மடக்கைக் குடித்து முடித்து, காலி டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

"வண்டிக்குள்ள போய் நம்ம ரெண்டு பேர் டம்ளரையும் சிங்க்குல கழுவிட்டு வாங்க அண்ணாச்சி. நான் கீழ குனிஞ்சு பாத்துச் சொல்றேன்."