வடக்கு மட்டும் உள்ள காந்தம்

கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தார் சென்னியப்பன். அவரிடம் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் மாரப்பன், அவருடைய மகள் கோகிலவாணியைத் தனக்குக் கட்டித்தரும்படி நேராகவே கேட்டுவிட்டான். அவளுக்கும் சம்மதம்தான்.

“வடக்கு முனை மட்டும் இருக்கிற காந்தம் ஒண்ணு கொண்டா. அன்னைக்கே பொண்ணைத் தர்றேன்” என்றார் முதலாளி. கடையே சிரித்தது.

மாரப்பன் ஒரு சட்டக் காந்தத்தை அவர் மேசைமேலேயே வைத்து சுத்தியலால் உடைத்தான். ஒரு துண்டைத் திசைகாட்டியின் முள்ளருகே கொண்டுபோனான். அதன் ஒரு முனை முள்ளின் நுனியை இழுத்தது, மறுமுனை தள்ளியது. அந்தத் துண்டையும் உடைத்தான். அதிலும் இரண்டு முனைகள்.

“எங்க உடைச்சாலும் வடக்கோட தெக்கும் வருதுங்க, மொதலாளி.”

“அப்பப் பொண்ணு கிடையாது, போடா.”

“நானும் கோகிலாவை மட்டுந்தானுங்க கேட்டேன். கூடவே மாமனாரும் வர்றாரு. வேண்டாம்னா சொன்னேன்?”

இப்போது கடையின் சிரிப்பில், சோறு கொண்டுவந்திருந்த கோகிலவாணியின் சிரிப்பும் கேட்டது.

“ஏண்டா, எமன் இருக்கிற தெக்கு நானா?”

“நான் வடக்குங்க, மாமா. தெக்கோடதான் ஒட்டுவேன்.”

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

“சுத்தியலைக் கீழ வைங்க, மாப்பிள்ளை.”