கோளாறு இல்லாத வண்டி

குருன்னா தாடி இருக்கணும், காவி இருக்கணும்னு யாரு சட்டம் போட்டது? திருச்சி தென்னூர்ல இருந்த குருவுக்குத் தாடியும் இல்ல, காவியும் இல்ல. தலையில ஒரு ஹெல்மெட், இடுப்புல டிரைவிங் ஸ்கூல் சாவிக்கொத்து. பேரு ஜெசிந்தா. வயசு இன்னும் நாப்பதைத் தொடல. ஊருல பாதிப் பேருக்கு கிளட்ச் பிடிக்கக் கத்துக்குடுத்தவங்க. அதனால சின்னவங்க, பெரியவங்க எல்லாருக்கும் அவங்க டீச்சர்தான்.

சிஷ்யன் பேரு நாகரத்தினம். சின்னக்கடை வீதியில எவர்சில்வர் பாத்திரக்கடை. குருவை விட சிஷ்யனுக்கு வயசும் ஜாஸ்தி, தொப்பையும் ஜாஸ்தி. பழைய மோட்டார் சைக்கிள்னா மனுஷனுக்கு உசிரு. ரோட்டுல பழைய வண்டிச் சத்தம் கேட்டாப் போதும், குக்கர் வாங்க வந்தவங்களை அப்படியே நிக்க வச்சிட்டு வாசலுக்கு ஓடிருவாரு. அப்படி ஓடி ஓடி குக்கர் யாவாரம் படுத்துச்சு, ஆளு சிஷ்யன் ஆயிட்டாரு.

டீச்சர் ஒரு சங்கம் நடத்துனாங்க. பொங்கல் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை பழைய மோட்டார் சைக்கிளெல்லாம் ஊர்வலம் போகும். அதுல எது வெறும் பழசு, எது விண்டேஜுன்னு டீச்சர்தான் சொல்லணும். விண்டேஜுன்னு சொல்லிட்டா ஹேண்டில்பார்ல ஒரு பித்தளை வில்லை மாட்டுவாங்க. உள்ளங்கை அளவுதான் இருக்கும். அதுக்காக வெளியூர்ல இருந்து லாரியில வண்டி ஏத்திட்டு வர்ற ஆளெல்லாம் உண்டு.

இந்த வருஷம் டீச்சர் வில்லைப் பையைத் தூக்கி சிஷ்யன் கையில குடுத்துட்டாங்க.

"இனிமே நீங்க பாருங்கண்ணே."

சந்தோஷப்பட வேண்டிய மனுஷனுக்கு வேர்த்து ஊத்துச்சு. ஏன்னா, வர்ற வண்டியில ஒண்ணு வைத்தியலிங்கத்தோட வண்டி. வைத்தியலிங்கம் யாரு? நாகரத்தினத்தோட பொண்ணு சுகந்தியைக் கட்டிக்கப் போற பையனைப் பெத்தவரு. தை கடைசியில கல்யாணம். மண்டபம் பிடிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. வைத்தியலிங்கமோ சாம்பார்ல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தாலே துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு எழுந்திரிக்கிற ஆளு. அவரு வண்டிக்கு வில்லை இல்லைன்னு சொன்னா, பொண்ணு கல்யாணம் என்னாகும்?

"டீச்சர், சட்டுனு ஒரு ரூல் சொல்லிருங்க. எத்தனை வருஷம் ஆனா விண்டேஜ்?"

"வருஷத்தை எண்ணுறதுக்கு காலண்டர் போதுமே. உங்களை எதுக்கு நிக்க வைக்கிறேன்?"

"அப்ப ஒரிஜினல் பார்ட்ஸ் இருக்கணுமா?"

"உங்க வாயில எத்தனை பல்லுண்ணே ஒரிஜினல்?"

நாகரத்தினம் வாயைக் கையால பொத்திக்கிட்டாரு. அப்புறம் விரலுக்கு நடுவுல கேட்டாரு.

"எதை வச்சுத்தான் சொல்றது டீச்சர்?"

"ஓனர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. 'வண்டியில என்ன கோளாறு?' கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு நில்லுங்க. கேக்குறது சுலபம். வாயை மூடுறதுதான் உங்களுக்குக் கஷ்டம்."

ஞாயித்துக்கிழமை காலையில ஊர்வலம் கிளம்புற மைதானம் பூரா புகை. டீச்சர் ஓரமா டிரைவிங் ஸ்கூல் கார் பானெட் மேல ஏறி உக்காந்து, பேப்பர்ல போண்டாவை வச்சிக்கிட்டு வேடிக்கை பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. நாகரத்தினம் பையை மாட்டிக்கிட்டு இறங்குனாரு.

முதல் வண்டிக்காரன் கையில வெள்ளை கிளவுஸ் மாட்டிருந்தான். வண்டியை டிரைவர் தள்ளிட்டு வந்தாரு.

"தம்பி, வண்டியில என்ன கோளாறு?"

"கோளாறா? ஸீரோ ப்ராப்ளம் சார். எல்லாமே பர்ஃபெக்ட்."

நாகரத்தினம் வாயை மூடிக்கிட்டு நின்னாரு. அந்தப் பையனும் நின்னான். இவரு இன்னும் நின்னாரு. பையன் செல்போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சிட்டான். நாகரத்தினம் திரும்பி டீச்சரைப் பாத்தாரு. டீச்சர் போண்டாவைப் பாத்தாங்க. வில்லை பையை விட்டு வரல.

அடுத்தது பாலக்கரை கறிக்கடை கஃபூர் பாய். வண்டிக்கு பெயிண்ட் பாதி இடத்துல இருக்கு, பாதி இடத்துல இருந்துச்சுன்னு பாய் சொல்றாரு.

"பாய், என்ன கோளாறு?"

"எதைன்னு சொல்ல? இப்படி உக்காருங்க." பாய் தரையில குத்த வச்சிட்டாரு. "இந்த ஹாரன் இருக்கே, வலது பக்கம் திரும்புனா தானா அடிக்கும். இடது பக்கம் திரும்புனா நான் அழுத்துனாலும் அடிக்காது. அதனால நான் கடைக்குப் போறப்ப ஒரு ரோடு, வர்றப்ப வேற ரோடு. ரெண்டாவது கியர் காலையில விழாது. டீ குடிச்சிட்டு வந்து போட்டா விழும். எனக்கு டீயா, அதுக்கு டீயான்னு இன்னும் புரியல. அப்புறம் பாருங்க, பள்ளிவாசல் பக்கம் வந்தா மட்டும் சைலன்சர் வெடிக்கும். தொழுகை நடத்துற ஹஜ்ரத் என்னைப் பாக்குற பார்வை இருக்கே..."

பாய் நிறுத்தவே இல்ல. நாகரத்தினத்துக்கு முட்டி வலியே வந்திருச்சு. கடைசியில வில்லையை மாட்டுன பிறகுதான் பாய் வாயை மூடுனாரு. அப்பவும், "இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்"னு பின்னாடியே வந்தாரு.

மூணாவது ஆளு பழைய இரும்புக்கடைக்காரரு. "கோளாறா? எல்லாமே கோளாறுதான் சார்" அப்படின்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டு, "எடைக்கு வேணுமா?"ன்னாரு.

நாகரத்தினம் குழம்பிப் போய் டீச்சர்கிட்ட ஓடுனாரு.

"டீச்சர், கோளாறே இல்லைன்னவனுக்கு வில்லை இல்ல. எல்லாமே கோளாறுங்குறான் ஒருத்தன், அவனுக்குக் குடுக்கவா?"

"தெருவுல போறவனைத் திட்டணும்னா எனக்கு ஒரு வார்த்தை போதும்ணே. எங்க வீட்டுக்காரரைத் திட்டணும்னா அரை நாள் வேணும்." டீச்சர் போண்டாவைக் கடிச்சாங்க. "போங்க, அடுத்த வண்டி வருது."

அடுத்த வண்டி வைத்தியலிங்கம்.

வந்தாரு பாருங்க வரத்து! வண்டியைப் பாத்துத் தலை சீவிக்கலாம், அவ்ளோ பளபளப்பு. வண்டிக்குப் போட்ட பாலிஷ்ல மிச்சம் இருந்ததை மீசைக்கும் போட்டிருப்பாரு போல, அதுவும் மின்னுது. பின்னாடி பட்டுச்சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டு அவரு சம்சாரம் மங்கையர்க்கரசி. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைச்சு, ஹேண்டில்பாரைத் தட்டிக் காமிச்சாரு. வில்லை மாட்டுறதுக்கு இடம் விட்டுத் துடைச்சு வச்சிருந்தாரு!

"மாட்டுங்க சம்பந்தி."

நாகரத்தினம் பையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. "ஒரு கேள்வி சம்பந்தி. எல்லாரையும் கேக்குறதுதான். வண்டியில... என்ன கோளாறு?"

"என் வண்டியிலயா? கோளாறா?" வைத்தியலிங்கம் சுத்தி நிக்கிற கூட்டத்தைப் பாத்துச் சிரிச்சாரு. "ஒண்ணும் கிடையாது."

"கொஞ்சம் யோசிச்சு..."

"யோசிக்க என்ன இருக்கு? தங்கம். பத்தரைமாத்துத் தங்கம்."

நாகரத்தினம் வாயை மூடிக்கிட்டு நின்னாரு. மனசுக்குள்ள சாமியெல்லாம் கும்பிட்டாரு. ஏதாவது ஒண்ணு, ஒரு பல்பு எரியலன்னாச்சும் சொல்லய்யா! வைத்தியலிங்கம் சொல்லல. மீசையைத்தான் தடவுனாரு.

நாகரத்தினம் பைக்குள்ள கையை விட்டாரு. வில்லை விரல்ல பட்டுச்சு. எடுத்து மாட்டிட்டா கல்யாணம் நல்லபடியா நடக்கும். டீச்சர் ஒரு வார்த்தை சொல்லப் போறதில்ல. பொதுவா வளைஞ்சு குடுக்கிற மனுஷன்தான் நம்ம நாகரத்தினம். ஆனா கடையில நசுங்குன குடத்தை நல்ல குடம்னு விக்கத் தெரியாம முப்பது வருஷம் கஷ்டப்பட்டவரு. கை வெறுங்கையா வெளிய வந்துச்சு.

"இல்ல சம்பந்தி."

"என்ன இல்ல?"

"வில்லை இல்ல."

"அந்த டீச்சரம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்ல. நானாத்தான் சொல்றேன்."

வைத்தியலிங்கத்துக்கு மூஞ்சி செவந்திருச்சு.

"பத்திரிகை அடிச்சாச்சுங்குற தைரியமா சம்பந்தி? அடிச்சதைக் கிழிச்சுப் போடவும் எனக்குத் தெரியும். மங்கை, ஏறு. போலாம்."

ஓங்கி ஒரு உதை உதைச்சாரு. வண்டி கிளம்பல. இன்னொரு உதை. 'உஸ்'ஸுன்னுச்சு. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உதைச்சாரு. ஊர்வலத்துக்கு வந்த ஊரே நின்னு பாக்குது. பத்தரைமாத்துத் தங்கம் அசையல.

மங்கையர்க்கரசி வண்டியில ஏறவே இல்ல. இடுப்புல கையை வச்சிக்கிட்டுச் சொன்னாங்க.

"ஏங்க, செருப்பைக் கழட்டுங்க."

நாகரத்தினம் ரெண்டடி பின்னால தாவிட்டாரு.

"உங்களுக்கில்லண்ணா! வண்டிக்கு."

"சும்மா இரு மங்கை."

"எதுக்குச் சும்மா இருக்கணும்? வீட்டுல தினமும் அப்படித்தானே கிளப்புறீங்க? கழட்டுங்க. வெயில் ஏறுது."

வைத்தியலிங்கம் வானத்தைப் பாத்தாரு, பூமியைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா வலது கால் செருப்பைக் கழட்டுனாரு. வண்டியை இடது பக்கம் சாய்ச்சாரு. கார்பரேட்டர் அடிவயித்துல செருப்பால ரெண்டு தட்டு தட்டுனாரு, குழந்தை முதுகுல தட்டுற மாதிரி. நிமித்தி, லேசா ஒரு மிதி.

டப் டப் டப் டப்...

மைதானம் பூரா விசில். மங்கையர்க்கரசிக்கும் உற்சாகம் வந்திருச்சு.

"இன்னும் கேளுங்கண்ணா. நீங்க மாப்பிள்ளை வீடு பாக்க வந்தீங்களே அன்னிக்கு, ஆயில் ஒழுகுறது தெரியக்கூடாதுன்னு வண்டிக்குக் கீழ என் சீர்வரிசைத் தாம்பாளத்தைக் கொண்டு போய் வச்சாரு! அதுலதான் உங்களுக்கு வெத்தலை பாக்கு வைக்கணும்னு நான் தேடிட்டு இருக்கேன்!"

"அது எஞ்சின் ஆயில் இல்லடி." வைத்தியலிங்கம் செருப்பும் கையுமா திரும்புனாரு. "கியர்பாக்ஸ் ஆயில். அதுவும் வெயில் காலத்துல ஒழுகாது. சொல்றதைச் சரியாச் சொல்லு." அப்புறம் நாகரத்தினம் பக்கம் திரும்பிட்டாரு. "இவளுக்கு என்ன தெரியும் சம்பந்தி? நான் சொல்றேன் கேளுங்க. மழை வரப் போகுதுன்னா இது முந்தின நாளே இருமும். ரேடியோவுல சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும், குடை எடுத்து வச்சிருவேன். பின்னாடி ஆள் உக்காந்தாத்தான் நேராப் போகும். தனியாப் போனா வலது பக்கம் இழுக்கும். இவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டுத்தான் ஓட்டணும்!"

"இதை என்கிட்ட சொன்னதே இல்லையே?"ன்னாங்க மங்கையர்க்கரசி.

"கேட்டாத்தானே சொல்ல?"

மனுஷன் சொல்லிக்கிட்டே போறாரு. பாலிஷ் போட்ட டேங்குல ஆயில் கையைத் தேய்ச்சிட்டாரு, அதைக்கூடக் கவனிக்கல. திடீர்னு நிறுத்துனாரு.

"என் குட்டெல்லாம் வெளிய வந்திருச்சு சம்பந்தி. இப்ப நீங்க சொல்லுங்க. உங்க பொண்ணுகிட்ட என்ன கோளாறு? நானும் ஆறு தடவை கேட்டுட்டேன். வாயைத் தொறந்தா தங்கம்னுதான் சொல்றீங்க."

நாகரத்தினம் திரும்பி டீச்சரைப் பாத்தாரு. டீச்சர் அடுத்த போண்டாவைத் தேடிக்கிட்டு இருந்தாங்க. வைத்தியலிங்கம் வாயை மூடிக்கிட்டு நின்னாரு. சும்மா நின்னாரு. எப்பேர்ப்பட்ட ஆயுதத்தைக் கண்டபடி ஊருக்குக் காமிச்சுட்டோம்னு அப்பத்தான் சிஷ்யனுக்கு உறைச்சுச்சு.

"சுகந்தி... காலையில சீக்கிரம் எழுந்திரிக்க மாட்டா சம்பந்தி."

"அப்புறம்?"

"கோவம் வந்தா பேச மாட்டா. பாத்திரம்தான் பேசும். எங்க வீட்டுல நசுங்காத தட்டே கிடையாது. கடையே என்னுதுங்குறதால சமாளிச்சேன். வண்டி ஓட்டுனா இண்டிகேட்டரைப் போடுவா, வீடு வந்து சேர்ற வரைக்கும் அணைக்க மாட்டா. என்ன பேசுனாலும் கடைசி வார்த்தை அவளுதா இருக்கணும். காய்ச்சல்னு நான் படுத்தா என்னைத் திட்டிக்கிட்டே கஞ்சி குடுப்பா. திட்டு நின்னா கஞ்சியும் நின்னுரும்..."

நிறுத்திட்டாரு.

மங்கையர்க்கரசி அவரு பக்கத்துல வந்தாங்க. "எங்க கதிரேசன் மட்டும் என்னவாம்? குளிக்கப் போனா பாட்டுப் பாடியே தண்ணித் தொட்டியைக் காலி பண்ணிருவான். ஊறுகாய் பாட்டிலுக்கு மூடின்னு ஒண்ணு இருக்குறதே அவனுக்குத் தெரியாது. சண்டை போட்டா அஞ்சு நிமிஷத்துல அவனே வந்து பேசிருவான், ரோஷமே கிடையாது."

"ரோஷம் கிடையாதா?" நாகரத்தினம் கண்ணைத் தொடைச்சிக்கிட்டாரு. "அப்பாடா! முன்னாடியே சொல்லியிருந்தா நான் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே சம்பந்தியம்மா!"

மூணு பேரும் நடு மைதானத்துல நின்னு பேசுறாங்க, சிரிக்கிறாங்க, ஒருத்தரை ஒருத்தர் தள்ளிட்டுப் பேசுறாங்க. பந்திக்கு யாரு, பாயசத்துல முந்திரி எவ்வளவுன்னு பேச்சு எங்கெங்கயோ போச்சு. அதுக்குள்ள கொடி அசைச்சிட்டாங்க. வைத்தியலிங்கம் செருப்பை மாட்டிக்கிட்டாரு, மங்கையர்க்கரசி ஏறுனாங்க, வண்டி நேரா ஓடுச்சு. போறப்பவும் அவரு தலையைத் திருப்பி, "பின் பிரேக் கதை ஒண்ணு இருக்கு, சாயங்காலம் வீட்டுக்கு வாங்க"ன்னு கத்திக்கிட்டே போனாரு.

புகை கலைஞ்ச பிறகுதான் நாகரத்தினத்துக்கு நினைப்பு வந்துச்சு. பையைத் தூக்கிட்டு டீச்சர்கிட்ட ஓடுனாரு.

"டீச்சர், தப்புப் பண்ணிட்டேன். சம்பந்தி வண்டிக்கு முதல்ல வில்லை இல்லைன்னேன். அத்தனை கோளாறு சொன்ன பிறகு உண்டா இல்லையான்னு ஒண்ணுமே சொல்லாம விட்டுட்டேன்."

"அவரு கேக்கலையா?"

"கேக்கலையே. மறந்துட்டாரு போல."

டீச்சர் பானெட்டை விட்டு இறங்கி, போண்டா எண்ணெயைப் பேப்பர்ல துடைச்சாங்க.

"அப்ப ஓடிப்போய் மாட்டிட்டு வாங்கண்ணே."