பனி பெய்ய மறந்த மேகம்

வடக்கே வெகுதூரத்தில், வெயில்கூட நடுங்கிக்கொண்டே வரும் ஒரு காட்டில், தாய்முயல் ஒன்று தன் குட்டியோடு வாழ்ந்தது. அந்தக் காட்டு முயல்களுக்குக் கோடையில் பழுப்பு ரோமம், குளிர்காலத்தில் வெள்ளை ரோமம். பனி மூடிய தரையில் வெள்ளை முயல் உட்கார்ந்தால் ஓநாயின் கண்ணுக்கே தெரியாது, குழந்தைகளே.

கோடை முடியும் சமயம், தெற்கிலிருந்து ஓர் அண்டங்காக்கை இருமிக்கொண்டே வந்து இறங்கியது.

"முயலக்கா, தெற்கே காடு பற்றி எரிகிறது. அந்தப் புகை இங்குள்ள மேகத்துக்குள் புகுந்துகொண்டிருக்கிறது. இந்த வருடம் பனியை நம்பாதே. குட்டியைக் கூட்டிக்கொண்டு மலை உச்சிக்குப் போய்விடு. அங்கே பழைய பனி எப்போதும் கிடக்கும்."

"உன் மேலே இருப்பது கரியா, இல்லை பிறந்த நிறமே இதுதானா?" என்று முயல் சிரித்தது. "எரிவது தெற்கே. நடுவில் ஏழு மலை, மூன்று ஆறு. எனக்கென்ன வந்தது?"

காக்கை வருத்தத்தோடு பறந்துபோனது.

பகல் குறுகியது. தாய்முயல் வழக்கம்போல் வெள்ளையாகிவிட்டது. பிந்திப் பிறந்த குட்டி மட்டும் இன்னும் பழுப்பாகவே இருந்தது. மேகம் வந்து வானம் முழுக்க நின்றது. ஆனால் பொட்டுப் பனிகூட விழவில்லை.

தாய்முயல் வானத்தை அண்ணாந்து பார்த்தது. "மேகமே, ஏன் பெய்ய மாட்டேன் என்கிறாய்?" என்று கெஞ்சியது.

"என்னிடம் இருப்பது எப்போதும் உள்ள தண்ணீர்தான். ஆனால் புகையோடு கோடிக்கணக்கில் தூசு வந்துவிட்டது. ஒவ்வொரு தூசும் தன் பங்கைப் பிடித்துக்கொண்டது. ஆளுக்குத் துளியூண்டு கிடைத்ததால், எதற்கும் கீழே விழுகிற கனம் இல்லை. நான் என்ன செய்வேன்?"

"எப்போதுதான் பெய்வாய்?"

"தெரியவில்லையே, முயலே."

அதற்குள் சரிவில் ஓர் ஓநாய் தலை தூக்கியது. முயல் குட்டியோடு புதருக்குள் பதுங்கியது. இலையுதிர்ந்த புதரில் அதன் வெள்ளை பளிச்சென்று தெரிந்தது. பாறைக்குப் பின்னால் ஓடியது. அங்கும் தெரிந்தது. ஓநாய் அவசரப்படவே இல்லை, நடந்துதான் வந்தது.

"அம்மா, பயமாக இருக்கிறது," என்று குட்டி ஒட்டிக்கொண்டது.

"என்னை ஒட்டாதே, கண்ணு! என்னைப் பார்த்துத்தான் அது வருகிறது. நீ மண்ணோடு மண்ணாகப் படுத்துக்கொள். மூச்சுக் காட்டாதே!"

தாய் வெட்டவெளியில் பாய்ந்து ஓடியது. ஓநாயும் அதன் பின்னாலேயே ஓடியது.

குட்டி இருட்டும்வரை அசையாமல் படுத்துக் கிடந்தது. அம்மா திரும்பி வரவேயில்லை.

நீதி: தூரத்துத் தீ நம்மைத் தொடாது என்று அசட்டையாக இருந்தால், அது வந்து சேரும்போது நம் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் தொடும்.