வானத்துப் பேரெல்லாம் வாரிக்கிட்ட ராசா

கடல் ஒரு பக்கம், கோட்டை ஒரு பக்கம், நடுவுல ஒரு ஊரு இருந்துச்சாம். சங்குத்துறைன்னு பேரு. அந்த ஊருல செவ்வந்தி செவ்வந்தின்னு ஒருத்தி ஆப்பக்கடை வச்சிருந்தாளாம். கப்பல்ல வர்ற அரபுக்காரன், சீனாக்காரன், மலாய்க்காரன் எல்லாரும் கரையிறங்குன உடனே அவ கடையைத் தேடித்தான் ஓடி வருவாங்களாம். செவ்வந்திக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனா மனசு இருக்கே, பச்சைப்பிள்ளை மனசு. ம் கொட்டுங்க, கொட்டாட்டி கதை நின்னுரும்.

அவளுக்கு ஒரு அண்ணன், வேலாண்டி. அண்ணன் பொண்டாட்டி முத்துக்கன்னி. பாவம், அவளுக்குப் பிள்ளை வயித்துல வரும், தங்காது. மறுபடி வரும், தங்காது. மறுபடியும் வந்தப்ப, ஒருநாள் வெள்ளென எந்திரிச்சு கடற்கரையில நின்னு, கிழக்க மின்னுற விடிவெள்ளியப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாளாம். "தாயே, இந்த ஒரு உசுரை எனக்கு நிக்க வச்சிரு. உம் பேரையே வச்சிக் கூப்பிடுறேன்"னு வேண்டிக்கிட்டா. நின்னுச்சு! தங்கம்போல ஒரு பொம்பளைப் பிள்ளை. தெரு முழுக்கக் கருப்பட்டி கொடுத்துக் கொண்டாடுனாங்க.

அந்த ஊருல ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைக்கு அத்தைக்காரிதான் பேரு வைக்கணும். தொட்டில்ல போட்டு, காதுகிட்ட குனிஞ்சு, பேரை மூணு தடவை சொல்லணும். சொல்ல ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக்கூடாது. சொல்லி முடிக்கிற வரைக்கும் பிள்ளைக்குப் பால் கிடையாது. என்ன, கண்ணை மூடித் திறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். அப்புறம் நாக்குல சக்கரைத் தண்ணி, தாய்கிட்ட பால், அவ்வளவுதான். ஆனா பேரு வைக்காத பிள்ளையை மட்டும் வாசப்படி தாண்டித் தூக்கிட்டு வரக்கூடாது.

இப்படி இருக்கையில, அரமனையில ராசாவுக்கும் ஒரு ஆம்பளைப் பிள்ளை பிறந்துச்சு. அந்த ராசா பேரு மணிமகுட ராசா. சந்தோசம் தலைக்கேறிப்போச்சு. மந்திரியைக் கூட்டிக்கிட்டு மொட்டைமாடியில ஏறுனான்.

"மந்திரி, இந்தச் சூரியன் யாருது?"

"உங்களுதுதான் மகாராசா."

"நிலா?"

"அதுவும் உங்களுதுதான் மகாராசா."

"நட்சத்திரம்?"

"அதைக் கேக்கணுமா மகாராசா?"

நல்ல மந்திரி பாருங்க, ஜால்ரா! உடனே ராசா தமுக்கு அடிக்கச் சொல்லிட்டான். "சூரியன் பேரு, நிலா பேரு, நட்சத்திரத்துப் பேரு, எல்லாம் இனிமே இளவரசருக்குத்தான். வேற எவனாச்சும் வச்சிருந்தா மாத்திக்கணும். மாத்தாட்டி குடும்பத்தையே படகுல ஏத்திக் கடல்ல தள்ளி விட்டுருவோம்! டும் டும் டும்!"

ஊரே நடுங்கிப்போச்சு. கதிர்னு இருந்த படகுக்காரன் மகன் உலக்கை ஆயிட்டான். மதியழகி முறம் ஆயிட்டா. வெண்ணிலான்னு எண்பது வயசுக் கிழவி, அவளும் போயி அம்மிக்கல்லு ஆயிட்டா. சாயங்காலமானா தெருவுல, "ஏ உலக்கை, சாப்பிட வாடா!", "ஏ முறம், விளக்கேத்துடி!"ன்னு ஒரே கூத்து. சிரிக்காதீங்க, உங்களுக்கு வச்சிருந்தா தெரியும்.

செவ்வந்தி வீட்டுல மட்டும் யாருக்கும் சிரிப்பு வரலை. முத்துக்கன்னி பிள்ளையை மடியில போட்டுக்கிட்டு அழுதா. "வேற பேரு வச்சா வேண்டுதலை மீறுனவளாயிருவேன். இதையும் வானம் திருப்பிக் கேட்டுருமோன்னு ஈரக்குலை நடுங்குது. அந்தப் பேரையே வச்சா கைக்குழந்தையோட நடுக்கடலுக்குப் போகணும். நான் என்னடி பண்ணுவேன் செவ்வந்தி?"

"அழாதீங்க மதினி. பேரு வைக்கிற உரிமை யாருக்கு? அத்தைக்குத்தானே? நான் பார்த்துக்கிறேன்."

சொல்லிட்டா, ஆனா எப்படின்னு அவளுக்கே தெரியலை. அடுப்புக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சா, யோசிச்சா, ஒரு சட்டி ஆப்பம் கருகுற வரைக்கும் யோசிச்சா. அப்புறம் சிரிச்சா. கருகாத ஆப்பமா எடுத்துக் கூடையில அடுக்கிக்கிட்டு நேரா அரமனைக்குப் போயிட்டா.

"மகாராசா, வானத்துப் பேரையெல்லாம் வாங்கிட்டீங்களாமே, ரொம்பச் சந்தோசம். ஆனா பாதியத்தானே வாங்கியிருக்கீங்க?"

"என்னது பாதியா?" ராசாவுக்கு ஆப்பம் தொண்டையில நின்னுச்சு.

"நம்ம பேரை மட்டும்தானே எடுத்தீங்க. அரபுக்காரங்க நிலாவைக் கமர்ங்குறாங்க. மலாய்க்காரங்க நட்சத்திரத்தைப் பிந்தாங்குங்குறாங்க. சீனாக்காரங்க நிலாவை யுவேங்குறாங்க. நாளைக்கு எவனாச்சும் தன் பிள்ளைக்கு அதை வச்சிட்டா, இளவரசருக்குப் போட்டியால்ல வந்துரும்?"

ராசா துள்ளி எந்திரிச்சான். "மந்திரி! துறைமுகத்துல இருக்குற அத்தனை கப்பல்காரனையும் பேரு வைக்கிற அன்னைக்குக் கூட்டிட்டு வா. ஒரு பேரு விடக்கூடாது!"

அந்த நாளும் வந்துச்சு. தங்கத் தொட்டில்ல இளவரசரு. பக்கத்துல ராசாவோட தங்கச்சி அல்லியரசி, அவதானே அத்தை! குனிஞ்சு ஆரம்பிச்சா. சூரியன், சூரியன், சூரியன். கதிரவன், கதிரவன், கதிரவன். ஞாயிறு, ஞாயிறு, ஞாயிறு. அப்புறம் நிலா, மதி, திங்கள். அப்புறம் அசுவினி, பரணி, கார்த்திகைன்னு நட்சத்திரம் பூராவும். பிள்ளை சிணுங்குச்சு. அப்புறம் கப்பல்காரங்க வரிசை, அவங்கவங்க பாஷையில வானத்துப் பேரு. "கமர்!"னாரு அரபுக்காரரு. "சித்தாரா!"ன்னாரு பாரசீகத்துக்காரரு. "செலீனி!"ன்னாரு யவனரு. இலங்கைக்காரரு "ஹிரு!"ன்னாரு. சீனாக்காரரு சொன்னதை அல்லியரசி சொன்னா, "அப்படி இல்ல, இப்படி"ன்னு அவரு திருத்துனாரு, மறுபடி மூணு தடவை.

பிள்ளை பசியில வீல்வீல்னு கத்துது. மகாராணி நெஞ்சுல பால் கட்டி, "போதும், பிள்ளையக் குடுங்க"ங்குறா.

"நடுவுல நிறுத்தக்கூடாது. இன்னும் ரெண்டு கப்பல் பாக்கி"ங்குறான் ராசா.

"பிள்ளை அழுகுதுங்க."

"ராசா பிள்ளை, தாங்கும்."

பேரு நீண்டுக்கிட்டே போனா ராசாவே சலிச்சுப் போதும்னுருவான்னு கூட்டத்துல நின்ன செவ்வந்தி கணக்குப் போட்டிருந்தா. ராசாவைத்தான் மடக்க நினைச்சா, பச்சை மண்ணை இல்ல. பொறுக்க முடியாம கத்திட்டா. "மகாராணி! பெத்தவ எடுத்தா எந்த வழக்கமும் குறுக்க நிக்காது. எடுத்துப் பாலைக் குடுங்க தாயி!"

அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்த மாதிரி மகாராணி பாஞ்சு வந்து பிள்ளையை வாரி எடுத்துக்கிட்டா. ராசா ஆத்திரத்துல, "யாரடி அவ?"ன்னான்.

"ஆப்பக்காரி செவ்வந்தி, மகாராசா. எங்க வீட்டுலயும் ஒரு பிள்ளை பேரில்லாம உள்ளயே கிடக்கு. அதுக்கு விடிவெள்ளின்னு வைக்கிறதா அவ ஆத்தா வேண்டிக்கிட்டா. நீங்க அந்தப் பேரைப் பிடுங்கிட்டீங்க. என்னைக் கடல்ல தள்ளுங்க, பிள்ளைக்குப் பேரைக் குடுங்க."

இளவரசரு பால் குடிக்க ஆரம்பிச்சுட்டாரு. மகாராணி ராசாவைப் பார்த்தா. அடேயப்பா, அந்தப் பார்வைக்கு ராசா மீசை தொங்கிப்போச்சு.

"எம் பிள்ளைக்குக் கதிர்னு ஒத்தப் பேரு போதும்"னா மகாராணி. " மிச்சப் பேரெல்லாம் யாருதோ அவங்ககிட்டயே போகட்டும். மந்திரி, நீரே கழுத்துல தமுக்கைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா அடியும். நீங்க இருக்கீங்களே," ராசா பக்கம் திரும்புனா, "எத்தனை வீட்டுல பேரைப் பிடுங்குனீங்களோ, அத்தனை வீட்டுக்கும் நடந்து போயித் தொட்டில் ஆட்டிட்டு வாங்க. தொட்டில் இல்லாத வீட்டுல விசிறி வீசுங்க."

போனான்ல! வெண்ணிலாக் கிழவி திண்டுல சாஞ்சுக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் வேகமா வீசு ராசா"ன்னு அரைநாளு அவனை விடவே இல்லையாம். படகுக்காரன் மகன் கதிரும் இளவரசன் கதிரும் பின்னால ஒண்ணாவே கடற்கரையில விளையாடுனாங்க. "கதிரு!"ன்னு கூப்பிட்டா ரெண்டும் ஓடி வரும். ஒருத்தனுக்குப் பேரு குறைஞ்சா போச்சு?

ஆனா ராசா முதமுதல்ல போனது முத்துக்கன்னி வீட்டுக்குத்தான். சேலைத் தொட்டிலை அவன் கோணலா ஆட்ட, செவ்வந்தி குனிஞ்சா. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, காதுகிட்ட, "விடிவெள்ளி, விடிவெள்ளி, விடிவெள்ளி"ன்னா. முத்துக்கன்னி பிள்ளை நாக்குல சக்கரைத் தண்ணி வச்சு, பால் குடுத்து, மகளைத் தூக்கிக்கிட்டு வாசப்படியைத் தாண்டுனா. தெருவே கூடி நின்னு, "வாடி விடிவெள்ளி!"ன்னு கூப்பிட்டுச்சு. பிள்ளை வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கிட்டு, ஒரு கொட்டாவி விட்டுச்சாம்.

வானம் எல்லாருக்கும் பொது, அதுல வேலி போட நினைச்சா தொட்டில்தான் ஆட்டணும். ராசாவுக்கு ஆட்டி ஆட்டித் தோள்பட்டை வலி, எனக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலி. அவனும் படுத்துட்டான், நானும் படுக்குறேன், நீங்களும் கண்ணை மூடுங்க.