தட்டினாலும் திறக்காதே

இந்தக் கதையில் திருடன் யார் என்று கேட்கப் போவதில்லை. அவன் இன்றுவரை அகப்படவும் இல்லை. கேட்கப் போவது வேறு ஒன்று. கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

நகரத்தின் கடைசியில் இருக்கிறது குமுதினி நகர் மூன்றாம் தெரு. அதன் முனையில் ஒரு போலீஸ் பூத் இருந்தது. ஐப்பசியில் அதைப் பூட்டி, அங்கிருந்த இரண்டு காவலர்களையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். கார்த்திகை முடிவதற்குள் பக்கத்துத் தெருவில் இரண்டு சம்பவம். வாசலில் கோலம் போடக் குனிந்தவளின் தாலிக்கொடியைப் பைக்கில் வந்தவன் அறுத்துக்கொண்டு போனான். அடுத்த வாரம் இன்னொருத்தி தப்பி ஓடி ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர்கள் பதறித் திறக்க, துரத்தி வந்தவன் கத்தியோடு உள்ளே புகுந்து இரண்டு பேரை வெட்டினான்.

மனுக் கொண்டுபோன பெண்களிடம் ஸ்டேஷனில், "ஆள் இல்லம்மா. கொஞ்ச நாளைக்கு நீங்களே ஜாக்கிரதையா பாத்துக்குங்க" என்றார்கள். அந்தக் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது.

பார்த்துக்கொண்டார்கள். செண்பகவல்லிதான் வழி சொன்னாள். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கோலம் போட வேண்டும். பிலோமினா வீட்டில் கோலம் போடும் வழக்கமில்லை. ஆகவே அவள் விசிலோடு காவல் நிற்பாள். ஒரு விசில் கேட்டால் அவரவர் வீட்டுக்குள் ஓடித் தாழ்போட வேண்டும், காவல் நிற்பவளும்தான். ஆபத்து நீங்கியதை ஜன்னலில் பார்த்து அவள் இரண்டு விசில் ஊதும்வரை, யார் தட்டினாலும் திறக்கக் கூடாது.

"முட்டிவலிக்காரி போடுற திட்டமா இது?" என்று பிலோமினா சிரித்தாள். "நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள திருடன் டீயே குடிச்சுட்டு வந்துருவான்க்கா."

"குடிக்கட்டுமே, பாவம், குளிர்ல வர்றவன்" என்றாள் செண்பகவல்லி. பிறகு பக்கத்து வீட்டுத் தில்லைநாயகியின் கையைப் பிடித்தாள். "அக்கா, உங்களைத்தான் நம்ப முடியாது. இளகின மனசு. நானே வந்து தட்டினாலும் திறக்கக் கூடாது. வீட்ல பச்சப்புள்ள இருக்கு. விளக்கத் தொட்டுச் சொல்லுங்க."

தில்லைநாயகி பூஜை விளக்கைத் தொட்டுச் சொன்னாள்.

அவள் மகள் பிரசவித்து இருபது நாள் ஆகியிருந்தது. வெந்நீர், பத்தியச் சமையல், குழந்தைக்குப் புகைபோடுவது என்று காலையில் தில்லைநாயகிக்கு நிமிர நேரமில்லை. அதனால் மார்கழி பிறந்ததிலிருந்து தன் வாசலை முடித்துவிட்டு, அக்கா வீட்டு வாசலுக்கும் செண்பகவல்லியே கோலம் போட்டாள்.

மார்கழி எட்டாம் நாள். வானம் வெளுத்திருந்தது. விசில் சத்தம் கேட்டதும் தில்லைநாயகி அடுப்படியிலிருந்து ஓடிவந்து கதவைத் தாழிட்டாள். உடனே வெளியே உள்ளங்கையால் இரண்டு தட்டு. செண்பகவல்லி எப்போதும் அப்படித்தான் தட்டுவாள். குரல் மட்டும் வரவில்லை.

தில்லைநாயகியின் கை தாழ்ப்பாளுக்குப் போயிற்று. உள்ளறையில் குழந்தை வீறிட்டது. கை நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. விளக்கும் கண்ணில் பட்டது. நான்காவது மூச்சில், "ஆண்டவனே, என்னை மன்னிச்சிரு" என்று தாழை நீக்கிக் கதவை இழுத்தாள்.

கதவு அசையவில்லை. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்து, இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். வெளியே ஏதோ விழுந்த சத்தம். பைக் உறுமிக்கொண்டு போனது.

எதிர் வீட்டில் பிலோமினா தாழ்போட்ட கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஜன்னலிலிருந்து பார்த்தால் தில்லைநாயகி வீட்டு மதில்தான் தெரியும். பைக் போனபின் இரண்டு விசில் ஊதிவிட்டு ஓடிவந்தாள். செண்பகவல்லி படிக்குக் கீழே கிடந்தாள். கழுத்தில் கொடி இல்லை. பின்தலை கல்லில் மோதியிருந்தது. உள்ளேயிருந்து தில்லைநாயகி கதவை இடித்துக்கொண்டிருந்தாள். வெளிப்பக்கத்துக் கொண்டி மாட்டியிருப்பதைக் கண்டு பிலோமினா அதை நீக்கினாள். அவள் விரல்களில் வெள்ளையாகக் கோலமாவு ஒட்டிக்கொண்டது.

போலீஸ் ஜீப் வர ஒரு மணி நேரமாயிற்று. மறுநாள் மதியம் ஆஸ்பத்திரியில், கண் விழிக்காமலே செண்பகவல்லி போய்விட்டாள்.

அன்றிலிருந்து தில்லைநாயகிக்குச் சோறு இறங்கவில்லை. "அந்த நாலு மூச்சு நான் தயங்காம இருந்திருந்தா?" என்று அரற்றினாள். பிலோமினாவோ, "விசில் ஊதுனவ நான். சட்டம் சட்டம்னு உள்ள போய் நின்னுட்டேனே" என்று ஜெபமாலையை உருட்டிக்கொண்டு அழுதாள். தெருவிலே சிலர், "சட்டம் போட்டவளே கதவைத் தட்டினாளே" என்றும் முணுமுணுத்தார்கள்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, செண்பகவல்லியின் மகள் வசுமதி நேராக வந்து கேட்டாள்: "பெரியம்மா, எங்கம்மா உங்க கதவைத்தானே தட்டினாங்க? ஏன் திறக்கல?"

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சட்டப்படி உள்ளேயே நின்ற பிலோமினா, விளக்கைத் தொட்டுச் சொன்னதை மீறித் திறக்கப்போன தில்லைநாயகி, தானே சட்டம் போட்டுவிட்டுத் தானே தட்டிய செண்பகவல்லி: இவர்களில் யார் செய்தது சரி? வசுமதிக்குச் சொல்ல வேண்டிய பதில் என்ன?

விடை: பிலோமினா கோலம் போடுகிறவள் அல்ல, அவள் விரலில் ஒட்டிய மாவு கொண்டியிலிருந்து வந்தது. கொண்டியில் அதைப் பூசியது செண்பகவல்லியின் கை. முட்டிவலியோடு தன் வீடுவரை ஓட முடியாமல், உயிருக்குப் பயந்து அவள் தட்டியது நிஜம், யாரும் தட்டியிருப்பார்கள். தட்டிய பிறகுதான் திருடன் படியேறுவதைப் பார்த்திருக்கிறாள். அக்காவின் மனசு இளகும், கதவு திறக்கும், அவன் பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் நுழைவான் என்று அவளுக்குத் தெரியும். அந்த நாலு மூச்சுக்குள் கொண்டியை மாட்டிவிட்டாள். பயந்து நின்றவள் மீதும் தப்பில்லை, வாக்கை மீறத் துணிந்தவள் மீதும் தப்பில்லை. ஆனால் சரி என்ற சொல்லுக்குப் பாத்தியப்பட்டவள் செண்பகவல்லி.

பிலோமினா கொண்டியைக் காட்டி இதைச் சொன்னபோது, வசுமதி அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அம்மா கத்தினாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

"இல்லடி கண்ணு" என்றாள் தில்லைநாயகி. "கத்தினா நான் வந்துருவேன்னு, ஒரு தடவகூட என்னைக் கூப்பிடல."