பாயசமும் நாலாம் டிஸ்க்கும்

வாடைமலை உச்சியில் ஒரு குகை. குளிர் என்றால் அப்படியொரு குளிர். பல்லிகூடத் துண்டு போர்த்திக்கொண்டுதான் சுவரேறும். யாராவது கொட்டாவி விட்டால் அது உறைந்து அந்தரத்தில் நிற்கும். பின்னால் வருகிறவர் குனிந்து போகவேண்டும்.

அந்தக் குளிருக்காகவே கட்டளையம்மா அங்கே மடம் வைத்திருந்தார். விக்கிரகம் கிடையாது. குகை நடுவில், சூடு ஆகாத கம்ப்யூட்டர் டிஸ்க் அடுக்கு ஒன்று மட்டும் ஓயாமல் முனகிக்கொண்டிருக்கும். எட்டு டிஸ்க். ஒன்று கெட்டால் மற்ற ஏழும் கூடி, அதில் இருந்ததைத் திரும்ப எழுதிக் கொடுத்துவிடும். இரண்டு கெட்டால் எல்லாம் போச்சு.

அம்மாவுக்கு வயது முப்பத்தைந்துதான். மவுஸைத் தொடமாட்டார். கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவார், அடுக்கு பதில் சொல்லும். அதனால் அந்தப் பெயர்.

சீடர் கோதண்டபாணி அறுபதைத் தாண்டியவர். அடிவாரத்து ஊர்களில் கல்யாண வீடியோ எடுத்து எடுத்தே ஒரு தோள் சாய்ந்துபோனவர். அவர் கேமரா தயாராகிற வரைக்கும் முகூர்த்தமே வாசலில் காத்து நிற்கும் என்று பேச்சு. எடுத்த கல்யாணங்களை எல்லாம் அந்த அடுக்கில் சேர்த்துவிட்டு, காவலுக்குத் தானும் தங்கிவிட்டார். அம்மா அவரை அண்ணே என்பார். அவர் அம்மா என்பார்.

அண்ணனுக்கு ஒரே ஒரு குறை. தம்பி வரதன்.

மடத்துக்கு வந்த புதிதில் சொன்னார்: "என் பொண்ணு கல்யாணத்துப் பந்தியில வரதன் பாயசத்தைத் தொடலை."

பொங்கலுக்குச் சொன்னார்: "பாயசம் வர்றதுக்கு முன்னாலேயே இலையை மடிச்சுட்டான்."

ஆடியில் சொன்னார்: "இலையைத் தள்ளிட்டு எழுந்துபோயிட்டான்."

அம்மா ஒவ்வொரு தடவையும் ம் கொட்டிக் கேட்டுக்கொண்டார்.

அந்த வரதன் முந்தின நாள் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வந்திருந்தான். தன் மகளுக்குக் கல்யாணம் என்று தாம்பூலம் வைத்துக் கூப்பிட்டான். "பெரியப்பா வந்து நின்னாத்தான் மணையில உட்காருவேன்னு பொண்ணு சொல்லுது" என்றான். கோதண்டபாணி தண்ணீர் கொடுத்து, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலையில் இடி இடித்தது. கரண்ட் போய், வந்தது. அம்மா திரைமுன் உட்காரும்போது கோதண்டபாணி பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குத்தான் கல்யாணம்."

"தெரியும் அண்ணே."

"போகணுமாம்மா? எனக்கு அவன்மேல கோபம் ஒண்ணும் கிடையாது. அது பழைய கதை. எப்பவோ கிளியர் பண்ணிட்டேன். அப்புறம் எதுக்குப் போறது?"

அம்மா நகர்ந்து இடம் விட்டார்.

"உட்காருங்க. லாக்கைப் பாத்துச் சொல்லுங்க."

டிஸ்க்குகள் தங்களுக்கு நேர்கிறதை வரி வரியாக எழுதிவைக்கும். அதற்கு லாக் என்று பெயர். அதைப் பார்க்க ஒரு கட்டளை, அழிக்க ஒரு கட்டளை. கோதண்டபாணி பார்க்கிற கட்டளையைத் தட்டினார். எல்லாம் தினம் வருகிற வரிகள்தான், நலம் நலம் என்று. அடியில் மட்டும் ஒன்று வேறுமாதிரி.

"நாலாம் டிஸ்க், படிக்கும்போது பிழைன்னு இருக்கு."

"என்னைக்காம்?"

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபது, ஜனவரி ஒண்ணாம் தேதி, காலை ஐந்து ஐம்பது. எனக்கே அப்பப் பால்பல்லு விழலை. பெட்டியில அடியில கிடக்கற பழசும்மா இது."

"அப்ப என்ன செய்யலாம்?"

"கிளியர் பண்ணிடலாம்."

"பண்ணுங்க."

அழிக்கிற கட்டளையைத் தட்டினார். லாக் துடைத்த பலகைபோல் ஆயிற்று. கோதண்டபாணிக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

"டீ போடட்டுமா?"

"இஞ்சி தட்டிப் போடுங்க."

குளிரில் அடுப்பு மூட்டினால் தீயே கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டுத்தான் எரியும். டீ போட்டு, ஆற்றி, இருவரும் நிதானமாகக் குடித்தார்கள்.

"இன்னொரு தடவை பாருங்க அண்ணே" என்றார் அம்மா.

பார்த்தார். ஒரே ஒரு வரி. நாலாம் டிஸ்க், பிழை. எழுபது, ஜனவரி ஒன்று.

"திரும்ப வந்துடுச்சே. சரியா அழியலை போல."

"அழிங்க."

அழித்தார். குகையைப் பெருக்கிவிட்டு வந்து பார்த்தார். வரி அங்கேயே உட்கார்ந்திருந்தது.

"சனியன், பழைய கதை விடமாட்டேங்குதே."

"மணி என்ன போட்டிருக்கு?"

"ஆறு முப்பத்தஞ்சு."

"டீ குடிச்சப்புறம் பாத்ததுல?"

"ஆறு பத்து." சொல்லிவிட்டு நிறுத்தினார். "முதல்ல ஐந்து ஐம்பது."

அம்மா காலி டம்ளரைத் தரையில் வைத்தார்.

"டீக்கு இருபது நிமிஷம். பெருக்கறதுக்கு இருபத்தஞ்சு" என்றார் கோதண்டபாணி மெதுவாக. "பழசு எப்படிம்மா நம்மகூடவே நடக்கும்?"

"அடுக்கோட கடிகாரத்தைக் கேளுங்க."

கேட்டார். எழுபது, ஜனவரி ஒன்று, ஆறு முப்பத்தாறு என்று அது கூசாமல் சொன்னது.

"உள்ளே காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும். அது செத்திருக்கு. காலையில கரண்ட் போனப்ப கடிகாரம் நின்னு, வந்தப்ப ஆதியிலேர்ந்து எண்ண ஆரம்பிச்சுடுச்சு. இந்த மெஷினுங்களுக்கு நம்ம ஊர்ல ஆதின்னா எழுபது ஜனவரி ஒண்ணு, காலை ஐந்தரை."

"அப்ப இந்தப் பிழை..."

"நீங்க டீ ஆத்தினப்ப நடந்தது. பெருக்கினப்ப நடந்தது."

நாலாம் டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. கோதண்டபாணி அந்த வயதில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துக் குகை வௌவால்கள் ஒதுங்கி வழிவிட்டன. புது டிஸ்க்கைக் கொண்டுவந்தார். நாலாவதை உருவி எடுத்து, அந்த இடத்தில் புதியதைச் சொருகினார். ஏழு டிஸ்க்கும் சேர்ந்து எழுத ஆரம்பித்தன. அடுக்கின் முனகல் ஒரு சுருதிக்கு வந்து நின்றது.

பேட்டரியை மாற்றி, கடிகாரத்தையும் திருத்தி முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. ஊரின் அத்தனை தாலியும் பிழைத்தது என்று பெருமூச்சு விட்டார்.

"எழுதி முடிக்க நாளைக்குச் சாயங்காலம் ஆகும்மா. பக்கத்துல ஆள் வேணும். நான் இருந்துடறேன். கல்யாணத்துக்கு என்ன, போகாட்டி ஒண்ணும் இல்லை."

"எழுதறது அந்த ஏழும்தானே. உங்களுக்கு என்ன வேலை?"

அவர் அடுக்கில் எரிந்த பச்சை விளக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்.

"நீங்க அன்னைக்கு அந்தப் பந்தியில இல்லைம்மா. இலையை அவன் தள்ளின வேகத்துல சாம்பார் சம்பந்தி மடியில கொட்டிடுச்சு."

"சம்பந்தி இன்னைக்குத்தான் வர்றார்" என்றார் அம்மா. "ஆடி மாசம் அவர் கதையில இல்லையே."

கோதண்டபாணிக்கே சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, ஒரே ஒரு உபகாரம். என் பொண்ணு கல்யாண வீடியோவும் இதுக்குள்ளதானே இருக்கு. பந்தியை மட்டும் ஓட்டிப் பாத்துடறேன். பாயசத்தை அவன் குடிச்சானா இல்லையான்னு தெரிஞ்சுட்டா நிம்மதியாப் போயிட்டு வருவேன்."

அம்மா நேரம் கேட்கும் கட்டளையைத் தட்டினார். திரையில் இன்றைய தேதி வந்தது. மணி மூன்றேகால். மலையிறங்கும் பஸ் நான்கு மணிக்கு.

"நாளைக்குப் பந்தியில உங்க இலைக்கும் பாயசம் வரும் அண்ணே. அதை என்ன பண்ணினீங்கன்னு வந்து சொல்லுங்க."