யாருடைய குளம்?

கொன்றைக்காட்டில் தண்ணீர் வற்றிவிட்டது. மான்களும் முயல்களும் மலையைத் தாண்டிப் போய்த் தாகம் தீர்த்துக்கொண்டன. வழியில் ஒரு சிறுத்தை காத்திருக்கும்!

இதைக் கேள்விப்பட்டு ஒரு யானைக்கூட்டம் வந்தது. கஷ்டப்படும் காடுகளுக்கு உதவுவதுதான் அந்தக் கூட்டத்தின் வேலை. அதன் தலைவி மாதங்கி.

"கவலைப்படாதீர்கள்! நாங்களே குளம் வெட்டித் தருகிறோம்!" என்றது மாதங்கி.

"ஆகா! நாம் நிழலில் படுப்போம், வாருங்கள்!" என்றது நரி.

யானைகள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் வெட்டின. மற்றவை கொட்டாவி விட்டபடி வேடிக்கை பார்த்தன. மழை பெய்து குளம் நிரம்பியது. யானைகள் விடைபெற்றன.

கொஞ்ச நாளில் கரையில் சின்ன ஓட்டை விழுந்தது.

"பார்த்தாயா, நரியண்ணே?" என்றது முள்ளம்பன்றி.

"யானைகளின் குளம்தானே! அவையே வந்து அடைக்கட்டும்!"

ஓட்டை பெரிதானது. கரை உடைந்தது. தண்ணீர் முழுவதும் ஓடிப்போய், குளத்தை மண் மூடியது. மான்கள் மறுபடி மலையேறின. அன்றே ஒரு மான்குட்டி சிறுத்தையிடம் சிக்கியது. தாய்மான் கதறிய கதறலில் நரிக்குத் தலை நிமிரவில்லை.

சேதி கேட்டு மாதங்கி ஓடி வந்தது.

"எங்கள் பேரிலும் தப்பு இருக்கிறது. உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த முறை நீங்களே சொல்லுங்கள், எங்கே வெட்டலாம்?"

"என் புதருக்குப் பக்கத்தில்!" என்றது முயல்.

"இல்லை, என் வளைக்குப் பக்கத்தில்!" என்றது முள்ளம்பன்றி.

ஒரே சண்டை! யானைகள் மூங்கிலை மென்றுகொண்டு காத்திருந்தன.

"உதவ வந்துவிட்டு இப்படி உட்கார்ந்திருந்தால் எப்படி, அக்கா?" என்று கத்தியது நரி.

"நீங்கள் முடிவு செய்யாமல் மண்ணைத் தொடமாட்டோம். உங்களால் நகர்த்த முடியாத பாறை வந்தால் கூப்பிடுங்கள்!" என்றது மாதங்கி.

அப்போது தாய்மான் மெல்ல வாய் திறந்தது. "குட்டிகள் பயமில்லாமல் போய்வரும் இடமாக இருக்கட்டும்."

சண்டை நின்றது. விலங்குகள் காட்டின் நடுவில் இடம் குறித்தன. காட்டுப்பன்றிகள் கிளறின. முயல்கள் மண் தள்ளின. குரங்குகள் கல் சுமந்தன. பெரும் பாறைகளை யானைகள் புரட்டிப் போட்டன. நரியும் நகம் தேயத் தோண்டியது!

மழை வந்தது. யானைகள் வேறு காட்டுக்குப் போய்விட்டன. ஒருநாள் கரை கசிந்தது.

"ஓடி வாருங்கள்! நம் கரை போகிறது!" என்று அலறிய நரி, தன் முதுகையே வைத்து ஓட்டையை அடைத்துக்கொண்டது. எல்லா விலங்குகளும் மண்ணோடு ஓடி வந்தன. கரை பிழைத்தது. நரியின் முதுகுதான் சில நாள் நிமிரவில்லை.

கோடையில் யானைகள் அந்தப் பக்கம் வந்தன. தாகத்தோடு மாதங்கி கரையில் கால் வைத்தது.

"அக்கா! கரையில் ஏறாதீர்கள், இடிந்துவிடும்! சுற்றி வாருங்கள்!" என்று அதட்டியது நரி.

திட்டு வாங்கிய மாதங்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை! சுற்றிப் போய், வயிறு முட்டக் குடித்தது.

நீதி: ஊருக்குச் செய்யும் நன்மை நிலைக்க வேண்டுமானால், அதை ஊராரோடு சேர்ந்தே செய்ய வேண்டும்.